எத்தனை கேம் பிடிக்கும்?

"அண்ணே, இதுல எத்தனை கேம் பிடிக்கும்?"

ஃப்ளாஷ் கார்டு, அதாவது ஆட்டங்களை நாமே ஏற்றி அழித்து எழுதிக்கொள்ளும் கேசட், தேடி என் மேசைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து முதலில் விழும் கேள்வி இதுதான். அதற்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகளில் அசல் கேம் பாயைத் தொட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கையில் இருந்தது பிரிக் கேம். அதன் நெற்றியில் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான் இருக்கும். வேகத்தை ஒரு படி கூட்டினால் தனி ஆட்டம், ஆரம்பக் கட்டத்தை மாற்றினால் இன்னொரு ஆட்டம் என்று கணக்குப் பண்ணி 9999 வரை இழுத்திருப்பார்கள். டிவியில் மாட்டுகிற பெட்டிகளுக்கு வந்த கேசட்டுகளிலும் இதே கூத்துதான். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். அதே மரியோ வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருப்பார். பர்மா பஜாரில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விலை பேசினோம். பழக்கம் விடவில்லை.

நான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ் ஆகியவைதான் அதிகம் வரும். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்த சித்தப்பாக்களும் மாமாக்களும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை அவை. எண்ணைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: "இதைச் செஞ்சவன் நாளைக்குக் கடையைச் சாத்திட்டா, இந்தக் கார்டுக்கு சாஃப்ட்வேர் யாரு தம்பி எழுதுவா?" பையன் முழிப்பான். கார்டு தேர்ந்தெடுப்பதில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது என்பது என் கட்சி. இந்தத் தொழிலின் வரலாறு முழுக்க என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

அழித்து எழுதும் கேசட் என்றாலே கள்ளச்சந்தையில் பிறந்த சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நின்டெண்டோவே அதை விற்றிருக்கிறது. 1986-இல் ஜப்பானில் ஃபேமிகாம் பெட்டிக்கு ஒரு வட்டு இணைப்பு வந்தது. கடைகளில் நின்ற இயந்திரத்தில் வட்டைக் கொடுத்து 500 யென் கட்டினால், பழைய ஆட்டத்தை அழித்துப் புதியதை எழுதித் தருவார்கள். 1997-இல் அதே யோசனை ஃப்ளாஷ் நினைவகத்துக்கு மாறியது. லாசன் என்பது அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் பலசரக்குக் கடைச் சங்கிலி. அந்தக் கடைகளில் சூப்பர் ஃபேமிகாம் கேசட்டுக்கு ஆட்டங்களை எழுதித் தரும் 'நின்டெண்டோ பவர்' சேவை தொடங்கியது. 2000 மார்ச்சில் கேம் பாய்க்கும் வந்தது. அந்தக் கேம் பாய் கேசட்டின் கொள்ளளவு 1 எம்பி. அதை எட்டுக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். பல ஆட்டம் போட்டால் மெனுவுக்கு ஒரு கட்டம் போய்விடும், மீதி ஏழு. 512 கேபி ஆட்டம் ஒன்று அதில் நான்கை விழுங்கிவிடும். அரிசியும் சோயா சாஸும் வாங்கப் போன இடத்தில் கேசட்டையும் நீட்டி 'இதை அழிச்சிட்டு அதைப் போடுங்க' என்று சொல்லியிருக்கிறார்கள் ஜப்பானியப் பிள்ளைகள். நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அந்தச் சேவை 2007 பிப்ரவரி கடைசியில் முடிந்தது. டிஎஸ்ஸுக்கான ஆர்4 என்ற கார்டு உலகெங்கும் கைமாறத் தொடங்கியதும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான்.

இன்னொரு கம்பெனி இதைவிடத் துணிச்சலாக ஒன்று செய்தது. கேம் பாயை உருவாக்கிய குன்பேய் யோகோய், நின்டெண்டோவை விட்டு வெளியே வந்த பிறகு வடிவமைத்த கருவி வொண்டர்ஸ்வான். அவர் 1997-இல் விபத்தில் இறந்துபோனார். 1999-இல் பண்டாய் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு க்யூட் என்ற சிறு நிறுவனம் அந்தக் கருவிக்கு 'வொண்டர்விட்ச்' என்று ஒரு ஃப்ளாஷ் கேசட்டை அதிகாரபூர்வமாகவே விற்றது. வாங்கியவர் வீட்டுக் கணினியில் சி மொழியில் ஆட்டம் எழுதி அதில் ஏற்றிக்கொள்ளலாம். போட்டியும் நடத்தினார்கள். அதில் பரிசு வாங்கிய 'ஜட்ஜ்மென்ட் சில்வர்ஸ்வார்டு' என்ற சுடும் ஆட்டம் பின்னால் அச்சிட்ட கேசட்டாகக் கடைக்கு வந்தது. இன்று அந்தக் கேசட் சேகரிப்பாளர்கள் கையில் யானை விலை, குதிரை விலை.

இந்த இரண்டு முயற்சிகளும் ஜப்பானைத் தாண்டவில்லை. வெளியே இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஹாங்காங் சரக்கு.

அந்தச் சரக்கு தாண்ட வேண்டியிருந்த கேம் பாயின் பூட்டு வேடிக்கையானது. கருவியைப் போட்டதும் 256 பைட் மட்டுமே உள்ள ஒரு குட்டி நிரல் ஓடும். அது கேசட்டிலிருந்து 48 பைட்டைப் படித்துத் திரையில் மேலிருந்து கீழே இறக்கும். அதுதான் நின்டெண்டோவின் பெயர்ச் சின்னம். இறக்கி முடித்ததும் தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். தூசி படிந்த கேசட்டைச் செருகினால் பெயர் சிதைந்தோ வெறும் கறுப்புக் கட்டமாகவோ இறங்கி உறைந்து நிற்பது இதனால்தான். என்னிடம் வரும் 'செத்துப்போன' கேம் பாய்களில் நிறையவற்றுக்கு ஐசோப்ரொப்பைல் தொட்ட பஞ்சு ஒன்றே வைத்தியம். அனுமதியில்லாமல் கேசட் செய்கிறவன் அந்தச் சின்னத்தை உள்ளே வைத்தே ஆக வேண்டும். வைத்தால் வணிகச்சின்னத்தைத் திருடியவன் ஆகிவிடுவான். இதுதான் கணக்கு. சேகா இதே மாதிரி ஒரு பொறியை வைத்து அக்கோலேட் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பூட்டுக்காகச் சின்னத்தைக் காட்டித்தான் தீர வேண்டும் என்றால் குழப்பத்துக்குப் பொறுப்பு பூட்டு போட்டவன்தான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

ஹாங்காங்கின் பங் எண்டர்பிரைசஸ் கேம் பாய்க்கு ஃப்ளாஷ் கேசட்டும், அதைக் கணினியின் பிரிண்டர் போர்ட்டில் மாட்டி எழுதும் கருவியும் விற்றது. பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவர்களுக்குப் போட்டியும் வைத்தது. நின்டெண்டோவின் வழக்குகள் துரத்தின, பங் மறைந்தது. கேசட்டை வாங்கியவர்களுக்கு அதன் பிறகு கேட்க நாதியில்லை. அநாதைக் கார்டுகளின் வரிசை அங்கே தொடங்குகிறது.

கேம் பாய் அட்வான்ஸ் 2001-இல் வந்தபோது கடைக்காரர்களுக்கு ஒரு நல்ல தந்திரம் வாய்த்தது. உறையில் 64எம், 128எம், 256எம் என்று போட்டிருக்கும். வாங்குகிறவர் எம்பி என்று நினைப்பார். அது மெகாபிட், எட்டால் வகுக்க வேண்டும். 256 என்பது 32 எம்பி, அதாவது அந்தக் கருவி ஏற்கும் மிகப் பெரிய ஆட்டம் ஒன்றே ஒன்று. அந்தக் கார்டுகளில் இருந்தது நார் வகை ஃப்ளாஷ். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த வகை அது. எந்த மூலையில் உள்ள பைட்டையும் நேராகப் போய் எடுக்கலாம் என்பதால் கேசட்டுக்குப் பொருத்தமானது. விலை அதிகம், எழுதுவதும் மெல்ல. எஸ்டி கார்டில் இருக்கும் நான்ட் வகை மலிவு. ஆனால் அதைப் பக்கம் பக்கமாகத்தான் படிக்க முடியும். அட்வான்ஸின் மூளை கேசட்டிலிருந்தே நேராகக் கட்டளைகளை எடுத்து ஓடுவது. எஸ்டி கார்டைக் காட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது.

சூப்பர்கார்டு, எம்3 போன்றவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டம் எஸ்டி கார்டில் இருக்கும். ஆடும்போது கேசட்டுக்குள் இருக்கும் ரேமுக்கு நகலாகும். மூளை ரேமிலிருந்து படிக்கும். யோசனை அருமை. ஆனால் சூப்பர்கார்டில் மலிவான ரேமைப் போட்டார்கள். அசல் கேசட்டின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. சில ஆட்டங்கள் ஒழுங்காக ஓடும். சிலவற்றில் திரை நகரும்போது திக்கும். வாங்கியவர்கள் கருவியில் கோளாறு என்று என்னிடம் கொண்டுவருவார்கள். கழற்றிப் பார்க்கக் கருவியில் ஒன்றும் இருக்காது.

சேவ் விஷயம் இதைவிட மோசம். அசல் கேசட்டுகளில் பலவற்றில் சேவ் என்பது ஒரு பொத்தான் பேட்டரி உயிர் கொடுத்துவைத்திருக்கும் சிறு ரேம். போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் அதே சிஆர்2025 பேட்டரியில் ஓடுவதால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஃப்ளாஷ் கார்டு செய்தவர்களும் இதே ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள், கூடுதலாக ஒரு சுற்றுவழியோடு. இசட்-ஃப்ளாஷ் 4 என்ற கார்டில் ஆட்டத்துக்குள் சேவ் செய்தால் அது முதலில் பேட்டரி ரேமில் உட்காரும். கருவியை அணைத்து மறுபடி போட்டு மெனு வந்தால்தான் அங்கிருந்து எஸ்டி கார்டுக்கு நகரும். நடுவில் பேட்டரி செத்துப்போனால் நூறு மணி நேர ஆட்டமும் போயே போய்விடும். அப்படி ஒரு கார்டோடு வந்த கல்லூரிப் பையனிடம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னபோது, "சார்ஜ் போட்டா வந்துடுமா அண்ணே?" என்று கேட்டான். புது பேட்டரி சோல்டர் பண்ணிக் கொடுத்தேன். அவனுடைய சேவ் வரவில்லை. பின்னால் வந்த இசட்-ஃப்ளாஷ் ஒமேகா டெஃபினிட்டிவ் எடிஷனில் மின்சாரம் இல்லாமலே தாங்கும் ஃபெராம் சிப் வைத்து இந்தத் தொல்லையை ஒழித்தார்கள். அட்வான்ஸுக்குக் கார்டு கேட்டால் இன்று நான் கை காட்டுவது அதையோ, உக்ரேன்காரர் ஒருவர் கிரிக்ஸ் என்ற புனைபெயரில் செய்யும் எவர்டிரைவையோதான். கிரிக்ஸ் ஆண்டுக்கணக்காகத் தன் பழைய கார்டுகளுக்கும் சாஃப்ட்வேர் திருத்தங்கள் தந்துவருகிறார். செய்தவன் இருக்கிறான் என்று தெரிந்து வாங்குவது தனி நிம்மதி.

டிஎஸ் கதைக்கு வருவோம். 2004 இறுதியில் வந்த இந்தக் கருவிக்கு இரண்டு வாய்கள். மேலே டிஎஸ் கார்டு, கீழே பழைய அட்வான்ஸ் கேசட். மேல்வாய்க்கும் கார்டுக்கும் நடக்கும் உரையாடல் மறையாக்கம் செய்யப்பட்டது. கீழ்வாய்க்கு அப்படி எதுவும் இல்லை. உடைக்க முடியாத கதவை விட்டுவிட்டு ஓரமாக நுழைவது எப்படி என்று யோசித்தவர்கள் செய்ததுதான் பாஸ்மீ. மேல்வாயில் செருகி, அதன் மேல் ஓர் அசல் டிஎஸ் கார்டை மாட்டும் சிறு பலகை அது. ரகசிய உரையாடலை அசல் கார்டே பேசி முடிக்கும், பலகை குறுக்கிடாது. 'நிரல் எந்த முகவரியிலிருந்து தொடங்க வேண்டும்' என்ற ஒரு தகவல் கடக்கும்போது மட்டும் அதை மாற்றிக் கீழ்வாயைக் கைகாட்டிவிடும். இவ்வளவு சிக்கனமான குறும்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நின்டெண்டோ அடுத்தடுத்த கருவிகளில் அந்த ஓட்டையை அடைத்தது. பாஸ்மீ 2 வந்தது. அதை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்கென்றே அமைக்க வேண்டும், வேறு ஆட்டத்தோடு மாட்டினால் பேசாது. கருவியின் உள் மென்பொருளையே மாற்றும் ஃப்ளாஷ்மீ என்ற வழியும் இருந்தது. பேட்டரி மூடியைக் கழற்றினால் எஸ்எல்1 என்று ஒரு குழி தெரியும். மென்பொருள் எழுதும் நேரம் முழுக்க அதன் இரண்டு புள்ளிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் இணைத்துப் பிடித்திருக்க வேண்டும். கை நடுங்குகிறவர்கள் ஜிகினாத் தாளை உருட்டி வைப்பார்கள்.

இந்த வித்தையெல்லாம் 2006-இல் ஒரே அடியில் பழசானது. நோகேஷ் ஜிபிஏ என்ற போலிப்பி (எமுலேட்டர்) எழுதிய ஜெர்மானியர் மார்ட்டின் கோர்த் மேல்வாயின் மறையாக்கத்தையே விடுவித்து வெளியிட்டார். இனி அசல் கார்டு துணைக்கு வேண்டாம். ஒரு சிப்பே நேராக டிஎஸ்ஸோடு பேசலாம். பலகையும் கேசட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் தபால்தலை அளவுக் கார்டு வந்து உட்கார்ந்தது. சில மாதங்களில் ஆர்4 பிறந்தது.

ஆர்4 ஏன் ஜெயித்தது? அதைவிடத் தரமான கார்டுகள் இருந்தன. ஆனால் ஆர்4 மலிவு, மைக்ரோ எஸ்டி கார்டை அப்படியே செருகலாம், போட்டால் மூன்று படங்கள் உள்ள மெனு. ஒன்று ஆட்டம், ஒன்று பாட்டும் படமும், ஒன்று கீழ்வாய்க் கேசட். பாட்டியிடம் கொடுத்தாலும் ஆடுவார். இதன் அசல் 2 ஜிபிக்கு மேலான கார்டை ஏற்காது. அதுவே எம்3 சிம்ப்ளி என்ற பெயரிலும் விற்றது. உள்ளே ஒரே சரக்கு. 2008-இல் 1.18 என்ற பதிப்போடு ஆர்4 செய்தவர்கள் சாஃப்ட்வேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெயர் மட்டும் நிற்கவில்லை. ஆர்4ஐ, ஆர்4 கோல்டு, ஆர்4 எஸ்டிஎச்சி, ஆர்4 அல்ட்ரா என்று ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டார்கள். பலவற்றுக்கும் அசலுக்கும் இரத்த சம்பந்தம் கிடையாது. இவற்றில் ஒரு சில நகல்களின் மென்பொருளில் கெடு வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட தேதி தாண்டினால் கார்டு ஆட்டத்தைத் திறக்காது. புதுக் கார்டு வாங்கவைக்கும் வித்தை. இப்படி ஒன்று வந்தால் நான் டிஎஸ்ஸின் தேதியைச் சில ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவைத்துப் பார்ப்பேன். உடனே ஓடினால் நோய் தெரிந்துவிடும். ஒரு ஆட்டக் கார்டு காலண்டர் பார்த்துச் சாகிறது என்றால் செய்தவனுக்கு என்ன பேர் வைப்பது?

அதே காலத்தில் ஏஸ்கார்ட் என்ற கார்டைச் செய்தவர்கள் தங்கள் மூல நிரலைத் திறந்து வைத்தார்கள். பிரபலமாகும் அளவுக்கு விளம்பரம் இல்லை. ஆனால் நார்மட், ஸ்மித்ஸ் என்ற புனைபெயர்க்காரர்கள் அந்த நிரலை எடுத்து ஏகாயோ என்று வளர்த்தார்கள். கம்பெனியின் சொந்த மென்பொருளைவிட அது நன்றாக ஓடியது. யெல்லோ வுட் காப்ளின் என்ற இன்னொருவர் அதே திறந்த நிரலிலிருந்து தொடங்கி, கைவிடப்பட்ட அசல் ஆர்4-க்கு 'வுட்' என்ற மென்பொருள் எழுதினார். பெற்றவன் கைவிட்ட கார்டு, போட்டிக்காரனின் நிரலால் 2013 வரை புதிய ஆட்டங்களை ஓட்டியது. சொந்தமாக டிஎஸ் நிரல் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு பொது ஏற்பாடு வந்தது. சிஷம் என்பவர் வகுத்த டிஎல்டிஐ முறையால் ஒரே நிரல் எந்தக் கார்டின் நினைவகத்தையும் படிக்கலாம் என்றானது. அப்படி எழுதப்பட்டவற்றில் எனக்குப் பிடித்தது 'கலர்ஸ்' என்ற ஓவிய நிரல். யென்ஸ் ஆண்டர்சன் இலவசமாகக் கொடுத்த அது, பிறகு டிஎஸ்ஸுக்கு அடுத்த கருவியான 3டிஎஸ்ஸில் நின்டெண்டோவின் சொந்தக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது.

மழுப்புவதற்கு ஒன்றுமில்லை, பெரும்பாலானோர் கார்டு வாங்கியது திருட்டு ஆட்டம் ஆடத்தான். ஆட்டம் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. மைக்கேல் ஜாக்சன் ஆட்டத்தைத் திருட்டு நகலில் போட்டால் பாட்டுக்கு மேல் வுவுசேலா ஊதல் கேட்கும். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் ஆர்4 இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. பிரிட்டனின் உயர் நீதிமன்றம் 2010-இல் அதே முடிவுக்கு வந்தது. சொந்த நிரல் ஓட்டவும் பயன்படுகிறதே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. என் மேசையில் கார்டின் பேட்டரியை மாற்றுவேன், மென்பொருளைச் சரிசெய்வேன். ஆட்டம் ஏற்றித் தரச் சொன்னால் தர மாட்டேன். ரொம்ப வற்புறுத்துகிறவர்களிடம் "அது உங்க பாடு சார்" என்பேன்.

2008-இல் வந்த டிஎஸ்ஐயில் கீழ்வாயே கிடையாது. உள்ளே சரிபார்ப்பும் கூடியது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழைய கார்டுகள் செத்தன. ஏஸ்கார்ட் 2ஐ போன்றவை ஏதோ ஒரு அசல் ஆட்டத்தின் பெயரையும் படத்தையும் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தன. இப்போது டிஎஸ்ஐ வைத்திருப்பவருக்குக் கார்டே தேவையில்லை. அதன் எஸ்டி வாயிலேயே ட்வைலைட் மெனு என்ற திறந்த மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். கார்டு வேண்டியது டிஎஸ், டிஎஸ் லைட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

அப்படியும் பழைய டிஎஸ் கார்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. காரணம் 2017-இல் கிடைத்தது. 3டிஎஸ்ஸின் ஆதி நிரலுக்குள் ஒரு பின்வாசல் இருப்பது தெரிந்தது. மூடியை மூடிய நிலையில் சில பொத்தான்களை அழுத்திக்கொண்டு கருவியைப் போட்டால், அது தன் சொந்த நினைவகத்தை விட்டுவிட்டு டிஎஸ் கார்டிலிருந்து எழுந்திருக்கும். மூடியபடி பொத்தானை அழுத்த முடியாதே? மூடியை உணர்வது ஒரு காந்த சென்சார். சரியான இடத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் திறந்திருக்கும்போதே மூடியிருப்பதாக நம்பிவிடும். ஆதி நிரல் சிப்பிலேயே பதிக்கப்பட்டது என்பதால் விற்றுவிட்ட கருவிகளில் நின்டெண்டோவால் அதைத் திருத்தவும் வழியில்லை. டோக்கியோ நீதிமன்றம் தடுத்த சரக்கின் பங்காளிகள் இன்று செத்த 3டிஎஸ்ஸை எழுப்பும் பணிமனைச் சாவி.

எல்லா நகலும் இதற்கு ஆகாது. ஏஸ்கார்ட் 2ஐ ஆகும், ஆர்4 பெயரில் வந்தவற்றில் சில ஆகும். உறையில் எழுதியிருப்பதை வைத்து எது எது என்று பிரிக்கவே முடியாது. ஒரே ஒட்டுப்படத்தோடு வந்த இரண்டு கார்டுகளுக்குள் வேறு வேறு பலகை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பழைய கார்டு எது வந்தாலும் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பித் திறந்து, சிப்பைப் பார்த்து, முதுகில் மார்க்கரால் எழுதி டப்பாவில் போட்டுவைக்கிறேன்.